பொம்மைக்கு வாய் முளைத்தது

மாப்பிள்ளை வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை.

மாப்பிள்ளை என்றால் நிஜ மாப்பிள்ளை இல்லை. நர்சிங் காலேஜுக்குப் பெட்டியில் வந்து சேர்ந்த ஆளுயரப் பொம்மை. மூச்சு விடும், கண் சிமிட்டும், வியர்க்கும், நாடி துடிக்கும். நாள் முழுக்கக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு எல்லாரையும் சேவகம் செய்ய வைத்ததால் மாணவிகள் வைத்த பெயர் அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அதற்கு வியாதி வைப்பார். மைக்கில் நோயாளியாகப் பேசுவார். நிஜ நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், செய்ய வேண்டிய தப்பையெல்லாம் மாணவிகள் இதனிடமே செய்து தீர்த்துக்கொள்ளலாம். சிமுலேஷன் என்கிறார்கள்.

நல்ல ஏற்பாடுதான். தப்பு செய்ய விடுகிற ஆசிரியர் ஒருவர் கிடைத்தால்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் முட்டிக்கொண்டது.

பெரிய மேடம் காலேஜின் துணை முதல்வர். கல்யாணம் கட்டாமல் காலேஜைக் கட்டிக்கொண்டவர். அவர் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்ட காலத்தில் ஊசியைக் கொதிக்க வைத்துப் போடுவார்கள். அதற்குப் பிறகு அவர் தொட்டதெல்லாம் சாக்பீஸ். ஆனால் எந்த வியாதியைக் கேட்டாலும் இலக்கணம், காரணம், அறிகுறி, சிகிச்சை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதைப் பாடம் நடத்துவது என்று அவர் நம்பினார். காலேஜும் நம்பியது.

சின்ன மேடம் அவருடைய தம்பியின் மனைவி. அதே காலேஜில் டியூட்டர். அண்ணியின் தயவில் இத்தனை வருடமாக அவருக்குக் கிடைத்த ஒரே பாடம், படுக்கை விரிப்பது எப்படி என்பது. மூலையை மடி, சுருக்கம் எடு, மறுபடியும் மூலையை மடி. சிமுலேஷன் பயிற்சிக்கு வெளியூர் போய் வந்தவரும் அவர் ஒருவர்தான். "பொம்மை விளையாட்டுக்கெல்லாம் நான் போறதா?" என்று பெரிய மேடம் உதறியதால் கிடைத்த வாய்ப்பு. சிமுலேஷன் லேபின் பொறுப்பு கையில் வந்தால் தனி அறை, தனி சாவி, அண்ணியின் நிழல் விழாத வகுப்பு. வராவிட்டால் ரிட்டயர் ஆகும் வரை விரிப்பின் மூலைதான்.

அதை முடிவு செய்ய இன்று நர்சிங் கவுன்சிலிலிருந்து ஆள் வருகிறார். பொம்மையை வைத்துப் பாடம் நடத்த இங்கே ஆசிரியர்கள் தயாரா என்று பார்க்கப் போகிறார்.

"டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு," என்றார் பெரிய மேடம், காலை காபியை உறிஞ்சியபடி. "இன்னிக்கு கிளாஸ் நான்தான் எடுக்கறேன். அவ கண்ணாடிக்குப் பின்னால உக்காந்திருந்தா போதும்."

பொண்டாட்டி எதிர்ப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினால் தொடலாம்.

"எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க."

தம்பி இருவரையும் பார்த்தார். காலேஜில் மாப்பிள்ளையை இயக்கும் டெக்னீஷியன் அவர். வியாதி வைப்பதும் குரல் கொடுப்பதும் அவர் வேலை. வீட்டிலும் ஏறக்குறைய அதே வேலைதான். யாரோ பேச வேண்டியதை இவர் வாயால் பேசுவது.

"கேட்டுச்சாம் அக்கா."

"பயிற்சிக்குப் போய்ட்டு வந்தாளாமே, பயிற்சி! பொம்மை தலைமாட்டுல நின்னு போட்டோ எடுத்துக்கறதுக்குக்கூட சர்டிபிகேட் குடுக்கற காலம்."

"சிமுலேஷனுக்கு யாராவது ரிகர்சல் பாப்பாங்களான்னு கேளுங்க," என்றார் சின்ன மேடம். "எந்த நோயாளியாவது 'சிஸ்டர், எனக்கு பத்து மணிக்கு நெஞ்சு வலி வரும், வசனத்தை உருப்போட்டு வைங்க'ன்னு சொல்லிட்டு வருவானா?"

"தயாரா இருக்கறதுன்னா அதுதான்னு சொல்லுடா. என் பொண்ணுங்க தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்."

"முழிச்சிட்டிருக்கும்போது கேட்டாத்தான் சிக்கல்."

"என்னடா சொல்றா?"

"காபி ஆறுதுன்னு சொல்றா."

அந்த ரிகர்சலை ஒரு மாதமாகச் சின்ன மேடம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆண்டு விழா நாடகம் மாதிரி. எந்தப் பெண் எங்கே நிற்பது, எப்போது ஆக்சிஜன் குழாயை எடுப்பது, டாக்டருக்குப் போன் செய்யும்போது முகத்தில் எவ்வளவு கவலை காட்டுவது என்பது வரை. இது உதவாது, பிள்ளைகள் வார்டுக்குப் போனால் முழிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விழட்டும் என்று காத்திருந்தார். நன்றாக, எல்லார் முன்னாலும், பல் தெறிக்கிற மாதிரி விழட்டும்.

•

கவுன்சிலிலிருந்து வந்த அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம். கையில் கசங்கிய கைக்குட்டை, காலில் ஓடுவதற்குப் போடும் ஷூ. மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாவற்றையும் ஒரு தும்மலில் தள்ளிவிட்டு நேராக லேபுக்குள் போனார்.

பெரிய மேடம் புதுக் கோட்டு போட்டிருந்தார். கஞ்சி போட்ட மடிப்பு பார்த்தாலே வெட்டும்.

"இன்னிக்கு நோயாளிக்கு மாரடைப்பு மேடம். எங்க மாணவிகள் கையாளறதைப் பாருங்க."

"பாக்கறேன்," என்று கவுன்சில் அம்மா கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். கம்ப்யூட்டர் முன்னால் தம்பியும் அவர் மனைவியும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்க. என்ன வெச்சிருக்கீங்க, மாரடைப்பா?"

"ஆமா மேடம்."

"எடுத்துடுங்க. சர்க்கரை வியாதி. காலைல இன்சுலின் போட்டுக்கிட்டார், ஒண்ணும் சாப்பிடல. சர்க்கரை இறங்கிட்டே போகுது." மூக்கைத் துடைத்தார். "வெளில யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவர் திரும்பவும் லேபுக்குள் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

தம்பியின் விரல் கீபோர்டின் மேல் தயங்கியது. "அக்காவுக்கு ஒரு வார்த்தை..."

"வைங்கன்னு சொன்னாங்கல்ல? வைங்க," என்றார் மனைவி. அந்தக் குரலில் ஒரு மாதத்துப் பசி இருந்தது.

மாப்பிள்ளைக்கு வியர்க்கத் தொடங்கியது.

முதலில் வந்தவள் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள். தோழிகள் அவளை மனப்பாடம் என்றுதான் கூப்பிடுவார்கள். நடை, நிமிர்வு, புன்னகை எல்லாம் ரிகர்சலில் சொன்னபடி.

"வணக்கம் ஐயா. என்ன செய்யுது?"

"கை நடுங்குது சிஸ்டர்," என்றார் தம்பி மைக்கில். "பசிக்குது. தலை சுத்துது."

மனப்பாடம் அரை நொடி விழித்தாள். பிறகு அடுத்த வசனம் ஞாபகம் வந்துவிட்டது.

"வலி இடது கைக்குப் பரவுதா?"

"வலியே இல்ல சிஸ்டர்."

"பரவுது," என்று அவள் பின்னால் நின்றவளிடம் அறிவித்தாள். அந்தப் பெண் தலையாட்டிவிட்டு ஆக்சிஜன் குழாயை எடுத்தாள்.

"சிஸ்டர், காலைல இன்சுலின் போட்டேன். சாப்பிடாம வந்துட்டேன்."

"பயப்படாதீங்க ஐயா. உங்க இதயத்தை நாங்க பாத்துக்கறோம்."

இது கதையில்லை, இப்படித்தான் நடக்கும். நோயாளி கழுதையாகக் கத்தினாலும் காதில் விழாமல் இருப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைப் பெரிய மேடம் குறைவில்லாமல் கொடுத்திருந்தார். மூன்றாவது பெண் ஆஸ்பிரின் மாத்திரையை மாப்பிள்ளையின் வாயில் வைத்தாள். நான்காவது பெண் டாக்டருக்குப் போன் செய்து, சொல்லிக்கொடுத்த அளவுக்குக் கவலைப்பட்டாள். சர்க்கரை பார்க்கும் மெஷின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையிலேயே இருந்தது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. அது நாடகத்தில் இல்லாத சாமான்.

மானிட்டர் கத்த ஆரம்பித்தது. மனப்பாடத்துக்கு வசனம் தீர்ந்துவிட்டது. அவள் திரும்பிப் பெரிய மேடத்தைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

பெரிய மேடம் பெருமூச்சு விட்டுக் கட்டிலுக்கு வந்தார். மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். மானிட்டரைப் பார்த்தார். கை இரண்டும் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. பிறகு மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி மாணவிகள் பக்கம் திரும்பினார்.

"மயக்கம். மயக்கம் என்றால் என்ன? மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைவதால் ஏற்படும் தற்காலிக நினைவிழப்பு. காரணங்கள். ஒன்று..."

மாணவிகள் நோட்டை எடுத்தார்கள்.

"சிஸ்டர்... கண்ணு இருட்டுது..."

"பேசாம படுங்க, வகுப்பு நடக்குது," என்றார் பெரிய மேடம் திரும்பாமலேயே. "இரண்டு, ரத்தசோகை. அடிக்கோடு போட்டுக்கோங்க."

மாப்பிள்ளையின் கண்கள் மூடின. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கட்டில் கடகடவென்று ஆடியது. மாணவிகள் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் சின்ன மேடத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா உங்க அக்கா லட்சணத்தை?" என்றார் கணவரிடம். "ஆளு இழுத்துட்டுக் கிடக்கான், இவங்க நோட்ஸ் குடுக்கறாங்க. விரல்ல ஒரு குத்து குத்தி சர்க்கரை பாக்கத் தெரியல. இவங்களுக்குத் துணை முதல்வர்னு ஒரு நாற்காலி வேற! எதிர்ல முப்பது கிளிப்பிள்ளைங்க. சொன்னதைச் சொல்லத் தெரியும், கண்ணு முன்னால கிடக்கறது தெரியாது. அந்த மூக்கொழுகி அம்மா எழுதிட்டுப் போகட்டும், நாளைலேருந்து சாவி எனக்கு. உங்க அக்கா போய் விரிப்பு மடிக்கட்டும்."

லேபில் ஒரு சத்தமும் இல்லை.

முப்பது பேனாக்கள் நின்றிருந்தன. எல்லாரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நினைவு தப்பிக் கிடந்த மாப்பிள்ளை, கண்ணை மூடியபடி, ஒரு பெண்ணின் குரலில் இவ்வளவையும் பேசி முடித்திருந்தது.

சின்ன மேடம் மெதுவாகக் குனிந்து மேசையைப் பார்த்தார். அந்த மைக் ஒரு தட்டில் திறக்கும், மறு தட்டில் மூடும். திறந்திருந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் கணவரின் விரல் அந்தப் பட்டனுக்கு அருகே சும்மா இருந்தது. அவர் முகத்தில் பதற்றம் ஒன்றும் இல்லை. நிதானமாக ஒரு தட்டு தட்டினார். விளக்கு அணைந்தது.

•

சிமுலேஷன் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, நடந்ததைப் பேச வேண்டும். அதை நடத்தத் தெரிந்தவர் சின்ன மேடம் ஒருவர்தான் என்பதால் கவுன்சில் அம்மா அவரையே கூப்பிட்டார். தன் பேச்சுக்குத் தானே சபை கூட்ட வேண்டிய நிலைமை.

"ம்... என்ன நடந்துச்சுன்னு யாராவது சொல்றீங்களா?" என்றார் சின்ன மேடம்.

பெரிய மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் கஞ்சி மட்டும் இன்னும் நிமிர்ந்திருந்தது.

கடைசியில் மனப்பாடம்தான் பேசினாள். மூக்கு சிவந்திருந்தது.

"கிளிப்பிள்ளைன்னு சொன்னது சரிதான் மேடம். அவர் பசிக்குதுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வசனம் தப்பாயிடுமேன்னு விட்டுட்டேன்."

"பரவால்லம்மா. தப்பு பண்ணத்தான் இந்த ரூமே..."

"ஒரு மாசமா நீங்க கண்ணாடிக்குப் பின்னாலதானே இருந்தீங்க மேடம்? ரிகர்சல் பாத்தா உதவாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

சின்ன மேடம் மடியில் இருந்த நோட்டைத் திறந்து மூடினார்.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கத்தைக்கூட விட்டுவைக்காதவருக்கு அந்தக் கேள்வியை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியவில்லை.

கவுன்சில் அம்மா கைக்குட்டையை மடித்தார். "பயிற்சியில முதல் நாள் முதல் வகுப்பு. என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"தப்பு பண்றவங்களைக் கேவலப்படுத்தக் கூடாதுன்னு."

"ஞாபகம் இருக்கு. நல்லது." எழுந்துகொண்டார். "இவங்களுக்கு நோயாளியத் தொட பயம். உங்களுக்கு எல்லாரும் இளக்காரம். ரெண்டு பேருமே தயாரில்ல."

"மேடம், ஒரு நிமிஷம்..."

"நாளைக்குக் காலைல திரும்ப வர்றேன். இடம் மாத்திக்கோங்க. நீங்க நர்ஸா கட்டில் பக்கம் நில்லுங்க. பெரிய மேடம் கண்ணாடிக்குப் பின்னால இருந்து கேஸ் நடத்தட்டும். தேறினவங்களுக்கு லேப். ரெண்டு பேரும் தேறலைன்னா மாப்பிள்ளையை வேற காலேஜுக்கு அனுப்பிடலாம், அங்கயாவது வாழட்டும்." வாசலில் நின்று ஒரு தும்மல் போட்டார். "மூக்கொழுகி கிளம்பறேன்."

•

வண்டியில் வீடு திரும்பும்போது சின்ன மேடம் கணவரிடம் கேட்டார்.

"மைக்கை ஏன் அணைக்கல?"

"மறந்துட்டேன்."

"நீங்களா? வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கற ஆளு!"

"வயசாகுதுல்ல."

"வேணும்னே பண்ணீங்க."

அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்ததும் கிளப்பினார். வாசலில் சாவியைத் திருப்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு நான் லீவு."

"என்னது? அப்ப மெஷினை யார் பாப்பா? மாப்பிள்ளைக்கு யார் பேசுவா?"

"நீங்க ரெண்டு பேர் இருக்கீங்கல்ல. பேசிக்கோங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைலி மாற்றி, கால் நீட்டிப் படுத்துவிட்டார். சாட்சாத் மாப்பிள்ளையேதான்.

சின்ன மேடம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. பெரிய மேடம். கோட்டைக் கழற்றியிருந்தார். அது இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

பழக்கத்தில் "டேய்" என்று தொடங்கினார். கேட்கத் தம்பி அங்கே இல்லை. வேறு வழியில்லாமல் நேராகவே பேசினார்.

"நாளைக்கு நான்தான் கேஸ் நடத்தணுமாம்."

"தெரியும் அண்ணி."

"உனக்கு என்ன வெக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எந்தப் பயிற்சியிலயும் அதைச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

"வைங்க."

"கிளிப்பிள்ளைங்க முன்னால உன்னைக் கவுக்காம விடமாட்டேன். விரிப்பு மடிக்கறதுக்குக்கூட உன்னை விடமாட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா அந்த மெஷின் எனக்குத் தெரியாது. சொல்லிக் குடு."

சின்ன மேடம் அடுப்பைச் சிறிதாக்கினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன்னைக் கவிழ்ப்பதற்குத் தன்னிடமே பாடம் கேட்கிற ஆளை முழுசாக ஒரு முறை பார்த்துக்கொண்டார். மனப்பாடத்தின் சிவந்த மூக்கு ஒரு கணம் கண் முன்னால் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது, நாடியை எப்படி ஏற்றுவது, வியர்வையை எங்கே கூட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பொறுமையாக, தெளிவாக, நல்ல டீச்சர் மாதிரி. பெரிய மேடம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு அந்த வீடு பார்த்ததில்லை.

"மைக்?"

"கறுப்புப் பட்டன் அண்ணி. காலைல போன உடனே ஒரு தட்டு தட்டிட்டீங்கன்னா போதும்."

"சிவப்பா ஒரு லைட் எரியுமே?"

"எரியும். மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"அப்ப அது எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்."

"இருக்கட்டும் அண்ணி," என்றார் சின்ன மேடம்.